கொக்கு குடிக்கும் ஆறு

அமெரிக்காவில் ஐந்தடி உயரத்துக்கு ஹூப்பிங் கொக்கு என்று ஒரு பறவை இருக்கிறது, குளிர்காலத்தில் டெக்சஸ் கடலோரத்துக்கு வரும், போய்ப் பார்க்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். எத்தனை தூரம் என்றோ எவ்வளவு செலவாகும் என்றோ அவர் கேட்கவில்லை. "கடலோரம்னா உப்புத் தண்ணியாச்சே பாப்பா. அது குடிக்கத் தண்ணிக்கு எங்க போகும்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறேன். இந்தப் பறவையைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன், இரண்டு முறை படகில் போய்ப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை. அப்பாவுக்கு அதுவே முதல் கேள்வியாக வந்ததில் வியப்பும் இல்லை. முப்பத்துநாலு வருடம் பொதுப்பணித் துறையில், காவிரிப் படுகையில், மதகும் ஷட்டரும் பார்த்துக்கொண்டு இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விசாரித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினோம். ஹூஸ்டனிலிருந்து தென்மேற்கே மூன்று மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். இருட்டில் வழியெல்லாம் தட்டை நிலம், இடையிடையே ரசாயன ஆலைகளின் விளக்குகள். ராக்போர்ட்டை ஒட்டிய ஃபுல்டன் என்ற சின்ன ஊரில் இரவு தங்கினோம்.

காலையில் எழுந்து வெளியே வந்ததும் அப்பா முதலில் பார்த்தது மரங்களை. கடற்கரைச் சாலை நெடுக ஓக் மரங்கள் ஒரே திசையில் சாய்ந்து நிற்கின்றன. கடலிலிருந்து ஓயாமல் வீசும் காற்று அவற்றைச் சீவிவிட்டதுபோல் ஆக்கியிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் கரையைக் கடந்தது இந்த ஊரை ஒட்டித்தான். மரங்களில் பல அதையும் தாங்கி நிற்கின்றன. கொக்குகள் அப்போது இங்கே இல்லை, நாலாயிரம் கிலோமீட்டர் வடக்கே கனடாவில் இருந்தன. புயல் காலத்தின் உச்சம் தாண்டி அக்டோபர் நடுவிலிருந்துதான் ஒவ்வொரு குடும்பமாக வந்து இறங்கும். எல்லாக் கொக்குக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. லூசியானாவில் வலசை போகாமல் ஒரே இடத்தில் வாழ்ந்த ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. 1940-இல் அடித்த புயலிலும் வெள்ளத்திலும் 13 பறவைகள் இருந்த அந்தக் கூட்டம் ஆறாகிவிட்டது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. கடைசியாக மிஞ்சிய ஒற்றைப் பறவையை 1950-இல் பிடித்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

இந்தப் பறவையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. உழவு நடக்கும் வயலில் மாட்டின் பின்னால் நடக்கும் வெள்ளைப் பறவையைத்தான் நாம் கொக்கு என்கிறோம். அது நாரை, குருகு வகை. ஆங்கிலத்தில் கிரேன் என்று சொல்லும் குடும்பம் வேறு. பறக்கும்போது பார்த்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். நம் வயல் கொக்கு கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறக்கும். கிரேன் முன்னால் கழுத்தையும் பின்னால் காலையும் ஒரே கோடாக நீட்டிப் பறக்கும். பெரும்பாலும் மரத்தில் உட்காராது. வட இந்தியாவில் வயல்களில் நிற்கும் சாரசக் கொக்கு இந்தக் குடும்பம்தான். தமிழில் பெருங்கொக்கு என்று எழுதுகிறார்கள், எனக்கும் அது பிடித்திருக்கிறது. உலகத்தில் மொத்தம் 15 வகைப் பெருங்கொக்குகள், அவற்றில் எண்ணிக்கையில் மிகக் குறைந்தது இந்த ஹூப்பிங் கொக்கு. வட அமெரிக்காவின் பறவைகளிலேயே உயரமானதும் இதுதான்.

எட்டு மணிக்குப் படகு கிளம்பியது. ஆழமில்லாத தண்ணீரிலும் போகும்படி அடிப்பாகம் தட்டையாகக் கட்டிய படகு. கீழே கண்ணாடி அடைத்த அறை, மேலே திறந்த தளம். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியிருந்ததால் பாதிப் பேர் உள்ளேயே இருந்துவிட்டார்கள். அப்பா என் கணவரின் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து நின்றுவிட்டார். படகை ஓட்டியவர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. பல வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் இதே தடத்தில் போய் வருபவர். எந்தக் குடும்பம் எந்த இடத்தில் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரு முகவரி மாதிரி மனப்பாடம்.

அரான்சஸ் வளைகுடாவைக் குறுக்கே கடந்து வடகிழக்கே போனால் ஒரு நீண்ட வாய்க்காலுக்குள் படகு நுழைகிறது. கடற்கரைக்கு இணையாகச் சரக்குப் படகுகளுக்காக வெட்டிய நீர்வழி. இடது பக்கம் அரான்சஸ் வனவிலங்குக் காப்பகத்தின் உவர்ச் சதுப்பு, வலது பக்கம் வாய்க்கால் வெட்டிய மண் குவிந்து உண்டான திட்டுகள். எங்கள் எதிரே ஓர் இழுவைப்படகு மூன்று பார்ஜ்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே என்ன என்று அப்பா கேட்டார். இந்த வழியில் பெரும்பாலும் எண்ணெயும் ரசாயனமும் போகும் என்றேன். அவர் பார்ஜையும் சதுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை. படகுகள் கிளப்பும் அலையில் கரை கரைந்து சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போக ஆரம்பித்ததால், இப்போது கரையோரம் கான்கிரீட் பாய் பதித்திருக்கிறார்கள். "ரிவெட்மென்ட் நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று அப்பா திருப்தியாகச் சொன்னார்.

முதல் குடும்பம் அந்தக் கான்கிரீட் கரையைத் தாண்டி உள்ளே நின்றது.

தூரத்தில் வெள்ளையாக இரண்டு கம்பம் நட்டதுபோல் இருந்தது. படகு வேகத்தைக் குறைத்து, இன்ஜின் சத்தம் அடங்கி, மெல்ல நெருங்க நெருங்க அவற்றுக்குக் கால் முளைத்தது, கழுத்து முளைத்தது. உச்சியில் சிவப்பு. அது இறகு இல்லை, மயிரற்ற வெறும் தோல். அலகின் அடியிலிருந்து கன்னம் வரை கறுப்பு மீசை. கண் மஞ்சள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று, உடம்பில் அங்கங்கே துருப் பிடித்தது மாதிரி பழுப்புத் திட்டுகளோடு. அதுதான் அந்த வருடத்துக் குஞ்சு. பிறந்த எட்டு மாதத்தில் அப்பா அம்மா உயரத்தை எட்டிவிட்டது. பழுப்பு உதிர்ந்து முழு வெள்ளையானால் பெரிய பறவையிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

பைனாகுலரை அப்பாவிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் இறக்கவே இல்லை.

அந்த மூன்றையும் பார்க்கும்போது எனக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் இந்தக் கண்டத்தின் புல்வெளி ஈரநிலங்களில் எல்லாம் இருந்த பறவை. நிலத்தை வடித்து விவசாயம் செய்தார்கள், சுட்டார்கள், முட்டைகளைச் சேகரித்தார்கள். 1937-இன் கடைசி நாளில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணையில் இந்தக் காப்பகம் உருவானபோதே ஏறக்குறைய முடிந்துவிட்ட கதை. 1941-இல் இங்கே வந்து சேர்ந்தவை 15 சொச்சம். இன்று உலகில் எங்கே ஒரு ஹூப்பிங் கொக்கு உயிரோடு இருந்தாலும், அது அந்தப் பதினைந்து சொச்சத்தின் வழியில் வந்ததுதான். ஒரு கல்யாணப் பந்தியின் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடலாம், அத்தனைதான் இருந்தன.

அவை எங்கே போய்க் கூடு கட்டுகின்றன என்பதுகூட அப்போது யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் கிளம்பி வடக்கே போகும், குளிர் வந்தால் திரும்பி வரும், நடுவில் எங்கே என்று தெரியாது. ராபர்ட் போர்ட்டர் ஆலன் என்ற பறவையியலாளர் பல வருடம் கனடாவின் வடக்கையெல்லாம் சல்லடை போட்டுத் தேடினார், கிடைக்கவில்லை. 1954 கோடையில் உட் பஃபலோ தேசியப் பூங்காவில் காட்டுத் தீயைப் பார்க்கப் போன ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கீழே சதுப்பில் வெள்ளைப் பறவைகளைப் பார்த்தார்கள். அதுவும் ஏற்கெனவே 1922 முதல் பாதுகாக்கப்பட்ட காடு. கூடு எங்கே என்று தெரியாமலே பதினேழு வருடம் இந்தக் குளிர்கால வீட்டை மட்டும் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

இத்தனை காத்தும் எண்ணிக்கை மளமளவென்று ஏறவில்லை. நாலைந்து வயதில்தான் முதல் முட்டை. இரண்டு முட்டையிட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். 1970 வாக்கில்கூட அறுபதை எட்டவில்லை. இப்போது அரான்சஸுக்கு வரும் கூட்டம் 550-ஐ ஒட்டி இருக்கிறது. எண்பது வருடம் பொறுத்திருந்து கிடைத்த எண் இது.

வேறு இடங்களில் புதுக் கூட்டங்களை உண்டாக்கவும் பாடுபட்டிருக்கிறார்கள். 1975-இல் தொடங்கி, கனடாவின் கூடுகளிலிருந்து எடுத்த முட்டைகளை ஐடஹோவில் சாம்பல் நிற சாண்ட்ஹில் கொக்குகளின் கூட்டில் வைத்தார்கள். அவை அடைகாத்தன, வளர்த்தன, தெற்கே வலசை போகும் வழியைக் கற்றுக்கொடுத்தன. ஆனால் துணை தேடும் வயது வந்தபோது அந்தக் குஞ்சுகளுக்குத் தன் இனம் எது என்று தெரியவில்லை. தங்களுக்குள் ஒரு ஜோடிகூட சேராமல் அந்தக் கூட்டம் அழிந்தது. பிறகு 2001 முதல், மனித முகம் தெரியாமல் வெள்ளை அங்கி போட்டவர்கள் வளர்த்த குஞ்சுகளை, சின்ன விமானத்தின் பின்னால் பறக்கவிட்டு விஸ்கான்சினிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வழி காட்டினார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருந்தும், யாரும் முட்டை வைத்து, யாரும் வழி காட்டி வளர்க்காமல் தானாகவே தழைத்திருப்பது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஒன்றுதான். இந்த வழி தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பிள்ளைக்கு மட்டுமே போகிறது.

பெரியவற்றில் ஒன்று தண்ணீருக்குள் அலகை விட்டு ஒரு நண்டை எடுத்தது. நீல நண்டு, உள்ளங்கை அகலம் இருக்கும். கொடுக்கு அலகைப் பிடித்துவிடாமல் இரண்டு உதறு. அப்புறம் மேட்டுக்கு நடந்து போய், அதைத் தரையில் போட்டுக் குத்திக் கால்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தது. குஞ்சு ஓடி வந்து பக்கத்தில் நின்றது. பெரிய பறவை உடம்புப் பகுதியை அதற்கு விட்டுக்கொடுத்தது. படகில் ஒரு சத்தம் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பா பக்கம் திரும்பவில்லை.

நல்ல பருவத்தில் ஒரு கொக்கு ஒரு நாளைக்கு 80 நண்டு வரை தின்னும் என்று படகோட்டி ஒலிபெருக்கியில் சொன்னார். இங்கே வந்து இறங்கும் நேரத்தில், இலையுதிர் காலத்தில், சதுப்பு முழுக்க உல்ஃப்பெர்ரி என்ற செடி சின்னச் சிவப்புப் பழம் பழுத்து நிற்கும். கத்தரி, மணத்தக்காளி குடும்பம். அலுத்து வந்த பறவைக்கு முதல் விருந்து அது. பழம் முடிந்ததும் நண்டு, மட்டி, நத்தை. வசந்தத்தில் திரும்பிப் பறக்கவும், போனதும் முட்டையிடவும் தேவையான கொழுப்பு இந்த நண்டில்தான் சேர வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் தனக்கென்று நூற்றுக்கணக்கான ஏக்கர் சதுப்பைப் பிடித்துக்கொண்டு, வேறு கொக்கை உள்ளே விடாமல், வருடா வருடம் அதே இடத்துக்கு வருவது அதனால்தான். வந்த இடத்தில் நண்டு இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தின்ன முடியாது.

படகு அடுத்த இடத்துக்குத் திரும்பியபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். அவருடைய கேள்வியைப் படகோட்டியிடம் நான் கேட்டேன். அந்த அம்மாள் அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, உதவியாளரிடம் சுக்கானைக் கொடுத்தார். கயிற்றில் கட்டிய வாளியை வெளியே விட்டுக் கொஞ்சம் தண்ணீர் எடுத்தார். கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒரு குழாய்க் கருவியில் ஒரு சொட்டு விட்டு அப்பாவிடம் நீட்டினார். வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்த அப்பா "பத்தொன்பது" என்றார்.

கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு. சதுப்பில் அது சுமார் 23-க்குள் இருக்கும்வரை இந்தக் கொக்கு நின்ற இடத்திலேயே குடித்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் குடிக்க முடியாது, உள்நாட்டில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குட்டைக்குப் பறந்து போய்த் திரும்ப வேண்டும். போய் வருவதில் நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் போகிறது, மேட்டு நிலத்தில் கொயோட்டி என்ற நரி வகையிடமும் காட்டுப்பூனையிடமும் மாட்டும் ஆபத்தும் இருக்கிறது. அதற்காகவே காப்பகத்துக்குள் கிணறு போட்டுக் குட்டைகளில் நல்ல தண்ணீர் விடும் வேலையும் நடந்திருக்கிறது.

"அப்ப பத்தொன்பது ஆக்குறது எது?" என்றார் அப்பா. அவரே ஆங்கிலத்தில் கேட்டார்.

"குவாடலூப்பும் சான் அன்டோனியோவும்" என்றார் அவர்.

இரண்டும் ஆறுகள். குவாடலூப் டெக்சஸின் நடுப்பகுதிக் குன்றுகளில் பிறந்து வருகிறது, மற்றது அதே பெயருள்ள நகரத்தின் வழியாக வருகிறது. கடலுக்குச் சற்று முன்னால் ஒன்று சேர்ந்து, இந்தச் சதுப்பை நனைக்கும் வளைகுடாவில் விழுகின்றன. ஆறு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தால் வளைகுடாவில் உப்பு குறையும். உப்பு குறைந்தால் கொக்குக்குக் குடிக்கத் தண்ணீர் மட்டுமா? நண்டுக் குஞ்சு கடலில் பொரித்து, தீவுகளுக்கு இடையே உள்ள வாய்கள் வழியாக உள்ளே வந்து, இந்த இடைப்பட்ட தண்ணீரில்தான் வளர்கிறது. உல்ஃப்பெர்ரி காய்ப்பதும் உப்பு மிஞ்சிப்போகாத மண்ணில்தான். மேலே எங்கோ மழை பெய்து, யாரும் எடுத்துக்கொள்ளாமல் விட்டு, கடல் வரை வந்து சேர்ந்த தண்ணீர்தான் கொக்கின் சோறும் நீரும்.

2008-09 குளிர்காலத்தில் கடும் வறட்சி. ஆறு மெலிந்து, வளைகுடா கரித்துப்போய், நண்டு அரிதாகிவிட்டது. 270 போல இருந்த கூட்டத்தில் 23 கொக்குகள் அந்த ஒரே குளிர்காலத்தில் செத்ததாகக் காப்பகம் கணக்கிட்டது. உடலாகக் கிடைத்தவை நான்குதான். மற்றவற்றை விமானத்திலிருந்து எண்ணிப் பார்த்து, தன் எல்லையில் இருக்க வேண்டிய பறவை இல்லையென்றால் செத்தது என்று கொண்டார்கள். நடுப் பருவத்தில் இடத்தை விட்டுப் போகாத பறவை, அதிலும் குஞ்சு தாயை விட்டு அகலாது என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. எனக்கு அது நியாயமான கணக்காகவே படுகிறது. ஆனால் பின்னால் வழக்கு வந்தபோது இந்த எண்ணிக்கையே பெரிய சண்டையானது.

ஆற்றுத் தண்ணீரை எடுக்க அளவில்லாமல் உரிமம் கொடுத்ததே சாவுக்குக் காரணம் என்று மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறையின் மேல் வழக்குப் போட்டார்கள். 2013-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஆமாம் என்றது. 2014-இல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. உரிமத்துக்கும் கொக்கின் சாவுக்கும் நடுவே வறட்சி, உப்பு, நண்டு, பழம் என்று கண்ணிகள் அதிகம், உரிமம் கொடுத்தவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்று தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதிரி சங்கிலியைத்தான் அன்று காலை ஒரு வாளித் தண்ணீரில் எங்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு கண்ணியும் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது.

நான் இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே மேலே ஏறி வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் சிறு வயதில் வீட்டில் தினமும் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் நாட்களில் அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, இன்றைக்கு இத்தனை ஆயிரம் கன அடி கடலுக்கு வீணாகப் போயிற்று என்று அம்மாவிடம் சொல்வார். சொந்தப் பணத்தைத் தொலைத்தவர் மாதிரி இருக்கும் அவர் குரல். அவருடைய பதிவேட்டில் அதற்கு ஒரு பத்தியே உண்டு, 'கடலுக்கு உபரி' என்று. நாளிதழிலும் அப்படித்தான் போடுவார்கள். கடைமடையில் பயிர் காய்வதைப் பார்த்த மனிதருக்கு அது வீண்தான், அவருடைய வருத்தம் பொய்யில்லை. ஆனால் முகத்துவாரத்தில் இறாலுக்கும் நண்டுக்கும் அந்தத் தண்ணீர் என்னவாக இருந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் அன்றைக்கு வரை கேட்டதில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் பதினொரு கொக்குகளைப் பார்த்தோம். வேறு பறவைகளும் நிறைய. ரோஜா நிறக் கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று தண்ணீரைத் துழாவின. கூழைக்கடாக்கள் இருந்தன. செம்பழுப்பு நாரை ஒன்று சிறகை விரித்து மீனை விரட்டி ஆடியது, அதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். ஓரிடத்தில் கரையை ஒட்டிக் கறுப்பு அலையாத்திப் புதர்கள். அலையாத்தி என்றால் நமக்கு உடனே நல்லது என்று தோன்றும். இங்கே அது கொக்குக்கு ஆகாது. குளிர் குறையக் குறைய அலையாத்தி வடக்கே பரவி, திறந்த சதுப்பை மூடிக்கொள்கிறது. நாலு பக்கமும் பார்வை தெரியாத புதருக்குள் இந்தக் கொக்கு கால் வைக்காது. 2021 பிப்ரவரியில் டெக்சஸை உறைய வைத்த அந்தப் பனி நிறைய அலையாத்தியைக் கருக்கிவிட்டது. அந்தப் பனியில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் குழந்தையோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அதனால் ஒரு பறவைக்கு இடம் கிடைத்தது என்று கேட்க விசித்திரமாக இருந்தது.

திரும்பும் வழியில்தான் அந்தக் குரல் கேட்டது. இரண்டு குடும்பங்களின் எல்லை சந்திக்கும் இடம் போலிருக்கிறது. அந்தப் பக்கத்து ஆண் எல்லையை ஒட்டி வந்து நின்றதும், இந்தப் பக்கத்து ஜோடி கழுத்தை வானத்துக்கு நிமிர்த்தி ஒரே நேரத்தில் கூவியது. ஆணும் பெண்ணும் தாளம் தப்பாமல் சேர்ந்து. ஐந்தடி நீள மூச்சுக்குழாய், அதில் பாதி மார்பெலும்புக்குள் கொம்பு வாத்தியத்தைச் சுருட்டி வைத்தது மாதிரி சுருண்டு கிடக்கிறது. அதிலிருந்து வருகிற சத்தம் காதில் மட்டும் கேட்பதில்லை, நெஞ்சிலும் அதிர்கிறது. தண்ணீரின் மேல் போய், தூரத்தில் எங்கோ இன்னொரு ஜோடி பதில் கூவியது. 1941-இல் அந்தப் பதில் வராமலே போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். 35-ஆம் எண் சாலையில் வடக்கே வரும்போது, டிவோலி என்ற சின்ன ஊரைக் கடந்தால் குவாடலூப் ஆற்றுப் பாலம். போகும்போது இருட்டில் தெரியாமல் கடந்திருந்தோம். அப்பா பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "நிறுத்து பாப்பா" என்றார். பாலம் தாண்டி ஓரத்தில் இடம் இருந்தது. இறங்கிக் கரைக்கு நடந்தோம். பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. காவிரி பார்த்த கண்ணுக்கு ஒரு வாய்க்கால்தான். பழுப்பாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்பா குனிந்து ஒரு குச்சியை எடுத்தார். கரையில் ஒரு மரத்தையும், கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்தையும் எனக்குக் காட்டி, நடந்தே தூரத்தை அளந்தார். நூறு அடி. பிறகு குச்சியை ஆற்றின் நடுவில் படும்படி எறிந்துவிட்டு, முதல் மரத்தைத் தாண்டும்போது "இப்ப" என்றார். நான் ஃபோனில் விநாடி பார்த்தேன். இரண்டாவது மரம் வந்தபோது மறுபடி "இப்ப". ஐம்பத்திரண்டு விநாடி.

"அகலம் நூத்தம்பது வெச்சுக்க. ஆழந்தான் தெரியல" என்றார். உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "எட்டடின்னா ரெண்டாயிரத்துக்கு மேல வருது. கரைப்பக்கம் மெதுவா ஓடும், அதக் கழிச்சா ஆயிரத்தெட்டுநூறு கன அடி."

"கடலுக்கா?" என்றேன்.

"கொக்குக்கு" என்றார். குச்சி வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. கணக்கைச் சரிபார்க்க அவர் இன்னொரு குச்சி தேடிக்கொண்டிருந்தார்.